வீட்டிலிருந்து வந்த இனபேதத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி?

லிஃப்டில் ஒரு கறுப்பின இளைஞர் ஏறினார். என் கை தானாகப் போய்த் தோள்பையின் ஜிப்பை மூடிக்கொண்டது. நான் அதை உணரவே இல்லை. ஆறு வயது மகள் என் காலோடு ஒட்டிக்கொண்டபோதுதான் குனிந்து பார்த்தேன். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, என் கை சொல்லிவிட்டது. சின்ன வயதில் கூட்டத்தில் சிலரைக் கண்டால் அம்மா என் மணிக்கட்டை இறுக்குவார். அதே கைதான் இது.

அதனால் மனதைத் துருவ வேண்டாம், முதலில் உடம்பைக் கவனியுங்கள். ஒரு வாரம் போதும். வேறு இனத்தவர் பக்கத்தில் வரும்போது கை எங்கே போகிறது, நடை வேகமாகிறதா, குரல் மாறுகிறதா என்று பாருங்கள். இரவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுதாதீர்கள், எழுதினால் நமக்கே வக்கீலாகிவிடுவோம். என் முதல் நாள் வரி: 'பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரவில்லை.'

அப்புறம் வீட்டுப் பேச்சு. காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். "கறுப்பா இருந்தாலும் நல்ல பையன்" என்பது எங்கள் வீட்டில் பாராட்டு. அந்த 'இருந்தாலும்' எவ்வளவு சொல்கிறது! பேசாமல் விட்டதையும் எழுதுங்கள்: யாருடைய பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவரும் முயலவில்லை? யார் நம் வீட்டுக்குள் வந்ததே இல்லை?

இது பிறவிக் குணமில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த சில நாளே ஆன குழந்தைகள் எல்லா இனத்தவரின் முகங்களையும் ஒரேபோலப் பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ பார்த்துப் பழகிய இனத்தின் முகங்களையே அதிக நேரம் பார்த்தன. பழக்கத்தில் தொடங்குவதற்கு மேலே வீடும் ஊரும் அர்த்தம் ஏற்றுகின்றன. 1940களில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டியபோது, பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைத்தான் 'நல்லது' என்றார்கள். தன்னையே தாழ்வாகப் பார்க்க ஒரு பிஞ்சு கற்றுக்கொண்டிருந்தது. எனக்கு இது ஆறவே இல்லை.

நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் மறைமுகச் சார்பை அளக்க 1998இல் அறிமுகமான 'Implicit Association Test' (IAT) என்ற சோதனை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செய்து பாருங்கள். ஆனால் ஒரே ஆளுக்கு அடுத்த முறை வேறு மதிப்பெண் வரலாம், அதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பவர் என்றால் மனதோடு மல்லுக்கட்டுவதைவிட விண்ணப்பத்தில் பெயரை மறைப்பது மேல். 2004இல் வெளியான ஆய்வில், சிகாகோவிலும் பாஸ்டனிலும் ஒரே மாதிரியான விண்ணப்பங்களை அனுப்பியபோது, கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிட வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தில் நேர்காணலுக்குப் பட்டியல் போடும் வரை எனக்கு விண்ணப்பித்தவர் பெயர் தெரியாது.

பிள்ளைகள் பார்த்துவிட்டால் மழுப்பாதீர்கள். அன்று வெளியே வந்ததும் மகளிடம் சொன்னேன்: "அந்த அண்ணாவைப் பார்த்து அம்மா பையை இறுக்கிப் பிடிச்சேன். அவர் ஒரு தப்பும் பண்ணல, நான் பண்ணினதுதான் தப்பு." அடுத்த முறை லிஃப்டில் நான்தான் முதலில் வணக்கம் சொன்னேன்.

பெரியவர்களிடம் நாலு பேர் முன்னால் வாதாட வேண்டாம், அவர்கள் மனம் பூட்டிக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். நான் அம்மாவிடம், "உனக்கு யாரும்மா அப்படிச் சொன்னாங்க?" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "எங்கம்மா கையைப் பிடிச்சு இழுப்பாங்க. ஏன்னு நானும் கேட்டதில்ல" என்றார்.