ஏழு மணிக்கு மூடும் டப்பா, மதியம் திறக்கும்போது எப்படி இருக்கும்?

காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய நெய்ப் பொங்கல் வாயில் வைத்ததும் கரையும். அதையே டெல்லி ஜனவரியில் சாதாரண எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுத்தால் மதியம் ஸ்பூன் இறங்காது. நெய் வெள்ளையாக உறைந்து மேலே படிந்திருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதைப் பெயர்க்க முடியாமல் மூடி வைத்துவிடும். வீட்டில் ‘இவளுக்குப் பொங்கலே பிடிக்காது’ என்று தீர்ப்பாகிவிடும். மதிய உணவில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த வகைதான்: டப்பாவை மூடும் நேரத்துக்குச் சமைக்கிறோம், திறக்கும் நேரத்தை யோசிப்பதில்லை. சென்னையில் இது அவ்வளவாகத் தெரியாது. ஒரே வருஷத்தில் 5 டிகிரியும் 45 டிகிரியும் பார்க்கிற ஊரில் நன்றாகவே தெரியும்.

வெந்த அரிசி ஆற ஆற அதன் மாவுச்சத்து இறுகும்; குளிர் கூடினால் இன்னும் சீக்கிரம் இறுகும். அதனால் டிசம்பர், ஜனவரியில் பொங்கல், சாம்பார் சாதம், பிசிபேளா எல்லாம் தெர்மாஸ் டப்பாவுக்கு மட்டும்தான். அதிலும் ஒரு தவறு நடக்கும். சில்லென்று இருக்கும் தெர்மாஸில் சாதத்தைப் போட்டால், சாதத்தின் சூட்டை முதலில் அந்த எஃகே உறிஞ்சிவிடும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி 5 நிமிடம் வையுங்கள். பிறகு அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி காலியாக விட்டால் சீக்கிரம் ஆறிவிடும்; சின்னப் பிள்ளைக்கு 300 மில்லி தெர்மாஸே போதும். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு பங்கு என்றால் தண்ணீர் 5 பங்கு வையுங்கள். இறக்கும்போது பார்க்க நீர்த்ததுபோல் இருந்தால்தான் மதியம் சரியாக இருக்கும்.

தெர்மாஸ் இல்லையென்றால் நெய்யை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். அது அந்தக் குளிரில் உறையாது. எலுமிச்சை சாதம், புளியோதரை, இரண்டு பக்கமும் மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவிய குட்டி இட்லி எல்லாம் ஆறினாலும் தின்ன வரும். பொடி இட்லிக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். இட்லி காயாமல் காப்பதே அந்த எண்ணெய்தான்.

ஏப்ரலிலும் ஜூலையிலும் கதை தலைகீழ். தயிர் சாதத்தில் புளித்த தயிரைக் கலந்து அனுப்பினால் மதியம் பிள்ளை முகம் சுளிக்கும். நன்றாக மசித்த ஒரு கப் சாதத்தை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் ஒரு கப், புளிக்காத தயிர் ஒரு டீஸ்பூன், உப்பு சேர்த்துக் கலந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். சூடான சாதத்தில் தயிரை விட்டால் தயிர் திரியும், உறையும் வேலையும் நடக்காது. வெள்ளரிக்காய் சேர்த்தால் உப்புக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளும். கேரட் துருவல், மாதுளை பரவாயில்லை. இதே அளவை ஜனவரியில் செய்தால் மதியமும் பால் சாதமாகவே இருக்கும். அப்போது தயிர் அரை கப் வேண்டும். கோடையில் தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் விடாமல் வதக்கி அரைத்த துவையல் அனுப்பலாம்.

அலட்சியமே கூடாத இடம் ஒன்று உண்டு: இரவு சமையல் மேடையிலேயே இருந்த சாதத்தைக் காலையில் தாளித்துக் கட்டுவது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சியது ஒரு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறி ஃபிரிட்ஜுக்குள் போயிருந்தால் பயமில்லை.

சூட்டோடு மூடி, தோசையையும் சப்பாத்தியையும் ஊறவைப்பது தினசரித் தவறு. மூடியில் தங்கும் ஆவிதான் சொட்டுகிறது. தட்டில் 5 நிமிடம் பரப்பி வைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய பலவீனம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் பார்க்க நிறைவான டப்பா. உள்ளே மாவுக்கு மாவே துணை. 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 23 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் தந்த கணக்கு. ஒரு கப் சாதத்தில் ஏறத்தாழ 4 கிராம்தான் கிடைக்கும். கிழங்கு இருக்கும் இடத்தில் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்தால் 7 கிராம் கூடும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம் வரை இருக்கும். முட்டையும் வேர்க்கடலையும் அனுப்பலாமா என்று பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்புப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில், எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ‘சுகர் போர்டு’ வைக்கச் சொன்ன பிறகு பிள்ளைகளே கணக்குக் கேட்கிறார்கள். ஜூஸ் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 200 மில்லியில் 24 கிராம், அதாவது 6 டீஸ்பூன். கொய்யாவோ ஆரஞ்சோ போதும்.

கடைசியாக டப்பா. சாப்பாட்டு இடைவேளை பெரும்பாலும் இருபது நிமிடம். மூடியைத் திறக்கவே மூன்று நிமிடம் போராடும் பிள்ளை பாதி சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிடும். வாங்கும் முன் குழந்தையையே திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். சூடான சாதம் போட்ட தெர்மாஸ் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இன்னும் பிடித்துக்கொள்ளும். ஆகவே வெறும் டப்பாவில் அல்ல, சாதம் போட்டு மூன்று மணி நேரம் வைத்த டப்பாவில் சோதியுங்கள். மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தப் பழைய சாம்பார் வாடை தங்கியிருப்பது அதன் அடியில்தான்.