ஸ்கேன்ல 'ஸ்மால் வெசல்'னு வந்தா வீட்டுல பண்ற தப்புங்க

மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல 'குரோனிக் ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்'னு ஒரு வரி, அதாவது மூளைக்குள்ள இருக்கற சின்ன ரத்தக் குழாய்ங்கள்ல ரொம்ப நாளா ரத்த ஓட்டம் கொறஞ்சு வந்த மாற்றம். பக்கத்துலயே ஃபசேகாஸ் கிரேடு 1, 2, இல்ல 3ன்னு ஒரு நம்பர், அது எவ்வளவு பரவிருக்குன்னு சொல்ற அளவு. அதப் பாத்ததும் சில வீட்டுல "அறுபது தாண்டுனா எல்லாருக்கும் இருக்கறதுதான்"னு ரிப்போர்ட்ட பீரோல வெச்சுப் பூட்டிருவாங்க, சில வீட்டுல மூளையே போச்சுன்னு அழுக ஆரம்பிச்சுருவாங்க. ரெண்டுமே வேண்டாங்க. கிரேடு 1ன்னா அங்கங்க சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, வயசானவங்க நெறைய பேருக்கு இருக்கும், பிபி சுகர ஒழுங்கா பாத்துக்கிட்டா போதும். கிரேடு 3ன்னா அந்தப் புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிருச்சுன்னு அர்த்தம், அத வயசு மேல பழி போட்டு விடவே கூடாது.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது அடுத்த தப்புதான். "ஞாபகம் நல்லாத்தான இருக்கு, பேரன் பேத்தி பேரெல்லாம் சொல்றாரு, அப்பறம் என்ன"ன்னு விட்டுருவாங்க. ஆனா இந்த வியாதி மொதல்ல கை வெக்கறது பெரும்பாலும் ஞாபகத்துல இல்ல, வேகத்துல. மூளையோட வலது பாதியும் இடது பாதியும் பேசிக்கறதுக்கு நடுவுல கார்பஸ் கலோசம்னு ஒரு தடியான நரம்புக் கட்டு இருக்கு, சுமார் 20 கோடி இழை அதுல ஓடுது. முன்பக்கம் யோசிச்சு திட்டம் போடற பகுதிங்களையும், நடுப்பக்கம் கை கால் அசைவையும், பின்பக்கம் பார்வையையும் இணைக்குது. அந்த இழைங்க ரெண்டு பக்கமும் மூளைக்குள்ள இருக்கற நீர் அறைங்க ஓரமா போகுது, அங்க ரத்தம் கொண்டு வர்றது மெல்லிசான குழாயோட கடைசி முனைங்க. கடைமடை வயலு மாதிரிதான், தண்ணி கொறஞ்சா மொதல்ல காயறது அதுதான். வருசக்கணக்கா பிபி ஏறியே இருந்தா குழாய் சுவர் தடிச்சு உள்ள சுருங்கிரும், இழை மேல இருக்கற கொழுப்பு உறை கெட்டுப் போகும், சேதி போற வேகம் கொறையும். இழை ஓரத்துல அறுந்தா நடுக்கட்டும் கொஞ்சம் கொஞ்சமா மெலியும், அதாவது அந்தக் கட்டுல நேரா அடி படாமயே அது பாதிக்கப்படுது.

இது வெளிய எப்பிடித் தெரியும்னா, எங்க பெரியப்பா சேலம் அம்மாப்பேட்டைல கைத்தறி ஓட்டுனவரு. தறிக்குழில உக்காந்தா ஒரு கை கயித்த இழுத்து நாடாவ (குறுக்கு நூல கொண்டு போற கட்டைய) ஓட்டும், இன்னொரு கை பலகைய இழுத்து அடிக்கும், காலு மிதிய மாத்தி மாத்தி மிதிக்கும், எல்லாம் ஒரே தாளத்துல. அவருக்கு பார்டர் கலரு, டிசைனு எதுவும் மறக்கல, ஆனா நாடா போறதுக்கு முன்னாடியே பலகை வந்துரும், நூலு அறுந்துரும், நிறுத்தி முடிச்சுப் போடுவாரு, மறுபடி அறுந்துரும். வீட்டுல "வேலைல மனசே இல்ல"ன்னு திட்டுனாங்க. அப்பறம் நட சின்னதா ஆச்சு, கால தரைல தேச்சு நடந்தாரு, நடக்கறப்ப ஏதாவது கேட்டா நின்னுதான் பதில் சொல்லுவாரு, ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியல. சோம்பேறித்தனம்னு திட்டறது இங்கதான் பெரிய கொடுமை, ஏன்னா எதுலயும் ஆர்வமில்லாம சும்மா உக்காந்துருக்கறதும் இந்த வியாதியோட அறிகுறிதான். இதே மாதிரி கழுத்து நரம்பு பிரச்சனையும் பார்க்கின்சனும் கூட பண்ணும், அதனால நீங்களே முடிவு பண்ணாம நரம்பு டாக்டர்கிட்ட இந்த நடை, கை விசயத்த எல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்க, ஞாபகம் பத்தி மட்டும் சொல்லாதீங்க.

இன்னொண்ணு, யூட்யூப் பாத்துட்டு ஒரு கை சட்ட பட்டன் போட இன்னொரு கை கழட்டும்னு பயப்படறாங்க. அந்தக் கதையெல்லாம் பெரும்பாலும் வலிப்புக்காக இந்த கார்பஸ் கலோசத்தையே ஆபரேஷன்ல வெட்டுனவங்களப் பத்தினது, அவங்கள ஆராய்ச்சி பண்ண மூளை விஞ்ஞானி ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981ல நோபல் பரிசு குடுத்தாங்க. இங்க நடக்கறது முழுசா வெட்டு இல்ல, மெதுவா தேயறது.

மருந்து விசயத்துல, பிபி நார்மலுக்கு வந்துருச்சுன்னு மாத்திரைய நிறுத்திராதீங்க, நார்மலா இருக்கறதே மாத்திரையாலதான். 2021ல இருந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, வாங்கி டப்பால சேத்து வெக்காம தெனமும் போடுங்க. மேல் பிபிய 120க்குக் கீழ வெச்சவங்களுக்கு, 140க்குக் கீழ வெச்சவங்கள விட இந்த வெள்ளைப் புள்ளி கம்மியா வளந்துச்சுன்னு 2019ல வந்த அமெரிக்க ஆய்வு காட்டுச்சு. அதுக்காக நீங்களா ஒரு மாத்திரை கூட்டிக்காதீங்க, எந்திரிச்சு நின்னா கிறுகிறுன்னு வந்து விழுந்துருவாங்க, நிக்க வெச்சும் பிபி பாக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரரு போடறாருன்னு ஆஸ்பிரின் வாங்கிப் போடறதும் தப்பு. ஸ்ட்ரோக்கே வராதவங்களுக்கு இந்தப் புள்ளிக்காக மட்டும் அது தேவையில்லன்னு ஐரோப்பிய ஸ்ட்ரோக் அமைப்போட 2021 வழிகாட்டுதலே சொல்லுது, சும்மா ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். பீடி சிகரெட்ட விடுங்க, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கட்டும், ஊறுகாயும் சாயங்காலம் தட்டு வடை செட்டும் அந்தக் கணக்குலதான் வரும்.

இதெல்லாம் மெதுவா வர்றது. திடீர்னு வாய் கோணுனா, ஒரு கை விழுந்தா, பேச்சு குழறுனா அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், "காலைல பாத்துக்கலாம்"னு இருக்கவே கூடாது. ரத்தக் குழாய்ல ஒறஞ்ச ரத்தக் கட்டிய கரைக்கற ஊசி 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், ஏற்காட்டுல இருக்கறவங்க 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் வந்து, ஸ்கேன் எடுத்து, அப்பறந்தான் ஊசி. உடனே 108க்கு அடிங்க, வாய்ல தண்ணி, மாத்திரை எதுவும் ஊத்தாதீங்க, கடைசியா நல்லா இருந்தது எத்தன மணிக்குன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, அங்க போனதும் டாக்டர் மொதல்ல அதத்தான் கேப்பாரு.