நாக் வரும் ஆண்டில் சிலபஸ் திருத்துவது எப்படி

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். போர்டு (பாடத்திட்டக் குழு) மீட்டிங் வேலை முதன்முறையாகத் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாற்றக் கணக்குப் போட முதலில் எக்செல்லைத் திறக்காதீர்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் 2017 முறையில், 1000 மதிப்பெண்ணில் தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டத்துக்கு 150; சிலபஸைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கும் இணைவுக் கல்லூரிக்கு 100 என்று இருந்தது. "எத்தனை பேப்பர் மாத்தினீங்க?" என்று மேலிருந்து கேள்வி வருவது இதனால்தான். அந்த அவசரத்தில் 'இந்தியப் பொருளாதாரம்' என்ற பேப்பர் 'இந்தியப் பொருளாதாரத்தின் சமகாலப் போக்குகள்' ஆகிவிடும். உள்ளே அதே ஐந்து யூனிட். கணக்குக்கு இது திருத்தம், வகுப்பில் ஒன்றும் மாறாது.

பழைய விடைத்தாள் கட்டை எடுத்து, பிள்ளைகள் தொடாமல் விட்ட கேள்விகளைக் குறியுங்கள். ஒரே யூனிட்டில் அவை குவிந்திருந்தால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். எங்களுக்கு அது புள்ளியியல். புத்தகத்தின் கற்பனை எண்களை எடுத்துவிட்டு, நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பத அளவுகளை வைத்தோம். அரசு நெல் வாங்க ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுவடையில் மழை பிடித்தால் தளர்வு கேட்டுக் குரல் எழும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இந்தப் பேச்சுதான். பேப்பரை ஒற்றைப்படை செமஸ்டரில் வையுங்கள். குறுவை நெல் மழையில் மாட்டிக்கொள்வது செப்டம்பர், அக்டோபரில்.

அப்புறம் சிஓ, அதாவது பேப்பர் முடிவில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரி. 'மாணவர் சராசரியைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினால் எதை அளப்பீர்கள்? 'ஈரப்பத அளவுகளிலிருந்து சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டிய மூட்டைகள் எத்தனை சதவீதம் எனச் சொல்வர்' என்று எழுதுங்கள். இதை அப்படியே கேள்வித்தாளில் கேட்கலாம், அட்டெயின்மென்ட் எண் (சிஓவை மாணவர் எவ்வளவு எட்டினர் என்ற அளவு) மதிப்பெண்ணிலிருந்தே வந்துவிடும்.

சிஓக்களைப் பட்டப்படிப்பின் நோக்கங்களோடு பொருத்தும் மேப்பிங் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 3 (வலுவான தொடர்பு) போடும் பழக்கம் நம் ஊரில் தொற்றுநோய் மாதிரி. 3 போட்ட இடத்துக்கெல்லாம் ஆதாரம் கேட்டால் எங்கே போவது? தொடர்பு இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

அட்டெயின்மென்ட் இலக்குக்குக் கீழே வந்தால் அடுத்த இன்டர்னலை எளிதாக்கச் சொல்லி யோசனை வரும். கேட்காதீர்கள். குறைந்த எண்ணை அப்படியே பதிந்து, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று மினிட்ஸில் எழுதுங்கள். ஃபீட்பேக் வாங்கினால் மட்டும் போதாது, அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் நாக் கேட்கிறது. சுருங்கச் சொன்னால், குறையை ஒப்புக்கொண்ட தாளுக்கும் அங்கே மதிப்பு உண்டு.

போர்டில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. சென்னை ஐடி கம்பெனிக்காரரைத் தேடி ஓடாமல் பக்கத்து அரிசி ஆலைக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈரப்பதம் கூடினால் அரவையில் எவ்வளவு குருணை விழும் என்று அவர் கேட்கும் ஒரு கேள்வியில் உங்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கே கிடைத்துவிடும்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிப் பாடங்களுக்கு மணி ஒதுக்கும்போது முதன்மைப் பேப்பரின் மணியை வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக, பழைய யூனிட்டையும் புதியதையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக அச்சிட்டு, மாற்றியதன் காரணத்தை ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வரியில் எழுதி, கூட்டம் முடிந்த அன்றே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளியூர் நிபுணர் ரயில் ஏறிவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கும்.