வினைச்சொல்லை ஒளித்து வைக்காதீர்கள்

தாராவியில் எங்கள் பில்டிங் நோட்டீஸ் போர்டில் போன வருடம் இப்படி ஒரு அறிவிப்பு: "நமது குடியிருப்பில் வசிக்கும் அனைத்து உறுப்பினர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி மேற்கொள்ளப்பட உள்ளதால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தண்ணீர் விநியோகம் நிறுத்தப்படும் என்பதால், அனைவரும் தங்களது ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எழுதியது நான். ஞாயிறு காலை மூன்றாம் மாடி ஆச்சி காலிக் குடத்தோடு கீழே வந்து, "ஏம்ப்பா, தண்ணி வராதுன்னு அதுல எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். போய்ப் படித்துப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது, ஆனால் நடுவில் எங்கேயோ, "விநியோகம் நிறுத்தப்படும்" என்று. எத்தனை மணி வரைக்கும் என்பது எங்குமே இல்லை. வாக்கியம் முடிகிற இடத்தில் நான் ஒத்துழைப்பு கேட்டுக்கொண்டிருந்தேன்; ஆச்சிக்குத் தேவைப்பட்டதோ, முந்தின ராத்திரியே குடத்தை நிரப்பச் சொல்லும் ஒரு வார்த்தை.

அன்று சாயங்காலமே அதை மாற்றி எழுதிப் பார்த்தேன்: "ஞாயிறு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. மாடித் தொட்டியைக் கழுவுகிறோம். சனிக்கிழமை இரவே பிடித்து வையுங்கள்." வராது, கழுவுகிறோம், வையுங்கள். தமிழ் வாக்கியம் கடைசியில் வினையில்தான் வந்து உட்காருகிறது, அங்கே உயிருள்ள வினை இல்லையென்றால் முன்னால் எத்தனை சொல்லை அடுக்கினாலும் அது நிற்காது.

அந்த வினையை நாமே கெடுக்கிறோம். நல்ல வினையைப் பெயராக்கி, அதன் வாலில் மேற்கொள், புரி, நிகழ்த்து என்று எதையாவது கட்டிவிடுகிறோம். வந்தார் என்றால் போதும், "வருகை புரிந்தார்" என்கிறோம். பேசினார் என்பது "உரை நிகழ்த்தினார்" ஆகிறது. பெரியவர்களுக்கு இந்தக் கனம் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரியாதை "ஆர்" விகுதியிலேயே இருக்கிறது.

இதைவிடப் பெரிய கெடுதல் "படு". எங்கள் தெருவில் கட்டரைத் தோண்டிப் போட்டு ஒரு மாதம் ஆனபோது மனு எழுதினோம். இங்கே மனு மராத்தியில் போனால்தான் வேலை சீக்கிரம் நடக்கும் என்பதால், நான் தமிழில் எழுதித் தர, மராத்தி நன்றாக எழுதும் நண்பர் ஒருவர் மாற்றிக் கொடுப்பார். "சாக்கடை தோண்டப்பட்டு மூடப்படாமல் விடப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "தோண்டியது யார்? மூட வேண்டியது யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், காகிதத்தில் மட்டும் இல்லை. "கான்ட்ராக்டரின் ஆட்கள் தோண்டினார்கள், இன்னும் மூடவில்லை" என்று மாற்றினோம். யாரைக் கேட்பது என்று இப்போது படிக்கிறவருக்குத் தெரியும். படு கூடவே கூடாது என்று சொல்லவில்லை, செய்தவர் யாரென்றே தெரியாதபோது "பூட்டு உடைக்கப்பட்டிருந்தது" என்பது சரியான வாக்கியம்தான்.

அப்புறம், பெயருக்கு முன்னால் அடைமொழிகளைக் கோர்ப்பது. "நேற்று வடாலாவில் விபத்தில் சிக்கிய ஆட்டோ ஓட்டுநரின் அண்ணன்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டார். சிக்கியது ஓட்டுநரா, அண்ணனா? அடிபட்டது தம்பிக்கு, ஆனால் பதறிப்போய் அண்ணன் நம்பருக்கே எல்லாரும் ஃபோன் செய்தார்கள். சந்தேகம் வரும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்: ஓட்டுநர் நேற்று வடாலாவில் விபத்தில் சிக்கினார். அவருடைய அண்ணன் இன்னார்.

சொல்லின் இடத்தையும் கவனியுங்கள். "சாவியைக் குமாருக்கு நான் கொடுத்தேன்", "நான் சாவியைக் குமாருக்குக் கொடுத்தேன்". அதே சொற்கள்தான். முதலாவது கொடுத்தது யார் என்ற கேள்விக்குப் பதில், இரண்டாவது யாருக்கு என்பதற்கு. வினைக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லுக்குத் தமிழில் தானாகவே அழுத்தம் விழும். அது தெரியாமல்தான் "மிகவும்", "தான்" என்று எல்லாவற்றிலும் தூவுகிறோம்.

"மற்றும்" பெரும்பாலும் வேண்டாம், "உம்" இருக்கிறது. "என்பது குறிப்பிடத்தக்கது" வேண்டவே வேண்டாம், குறிப்பிட்டாயிற்றே.

ஆனால் சுருக்குகிறேன் என்று எலும்பை வெட்டிவிடக் கூடாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று சொல்லும்போது, மிகைபடக் கூறலுக்கும் முன்னால், முதல் குற்றமாக வைத்தது குன்றக் கூறலை, அதாவது தேவையானதையும் விட்டுவிட்டுக் குறைவாகச் சொல்வதை. அழகுகள் பத்தில் முதலாவது சுருங்கச் சொல்லல், அதை ஒட்டியே விளங்க வைத்தல். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "நாளை கூட்டம், வரவும்" என்று எங்கள் சொசைட்டியில் ஒருமுறை ஒட்டினார்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டே செக்ரட்டரி வீட்டுக் கதவு அன்று மூடவில்லை.

இப்போதெல்லாம் நோட்டீஸை ஒட்டும் முன் மூன்றாம் மாடிக்குப் போய் ஆச்சியிடம் வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் லிஃப்ட் ரிப்பேர் நோட்டீஸைக் கேட்டு முடித்ததும், "சரிப்பா, எந்தக் கிழமை சரியாகும்?" என்றார். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து "வெள்ளிக்கிழமை" என்று எழுதிச் சேர்த்தேன்.