நித்தியகல்யாணி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரை மணலிலும் கல்லறைத் தோட்டத்திலும் யாரும் தண்ணீர் விடாமலே வருஷம் முழுக்கப் பூக்கிற செடி நித்தியகல்யாணி. தென் மாவட்டங்களில் வேருக்காகவும் இலைக்காகவும் இதை மானாவாரியாகவே பயிரிடுகிறார்கள். அதையே நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, வாசல் நடைபாதை ஓரம் வரிசையாக நட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்தால் பட்டுப்போகிறது. பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான்.

மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு கிளை மட்டும் தொங்கினால் உஷாராக வேண்டும். வாடுகிறதே என்று இன்னொரு குடம் ஊற்றினால் அதோடு முடிந்தது. அடித்தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பாக இருந்தால் அழுகல் ஏறிவிட்டது. அப்புறம் மருந்து தேடி அலைய வேண்டாம். அந்தச் செடியை வேரோடு எடுத்துவிட்டு, பக்கத்துச் செடிகளுக்கும் மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். பொதுவாகவே மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, இலைமேல் படாமல் அடியில் விட்டால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கிற இடமென்றால் பாத்தியையே அரை அடி உயர்த்திவிட வேண்டும். களிமண்ணில் குழியை மட்டும் தோண்டி மணல் போட்டு நடுகிறவர்கள் உண்டு. சுற்றிலும் இருக்கும் களி நீரை விடாது, குழி தொட்டியாகிவிடும்.

நர்சரிக் கவரில் பல சமயம் இருப்பது தென்னைநார்க் கழிவு. அது ஈரத்தை லேசில் விடாது. அந்த உருண்டையை ஆழமாகப் புதைத்துத் தண்டோடு மண் அணைப்பது அழுகலை நாமே கூப்பிடுகிற வேலை. கவரில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். செடிக்குச் செடி ஒரு அடி வேண்டும். முதலில் இடைவெளி பல்லிளிக்கும்தான். கிளை விட்டதும் தானாக மூடிக்கொள்ளும்.

மரநிழலில் வைத்தால் செடி நெடுநெடுவென்று போகும், பூ இருக்காது. யூரியாவும் இலையைத்தான் வளர்க்கும். நடும்போது ஒரு கை மக்கிய தொழுவுரம் போதும்.

கலப்பின ரகத்தில் விதை எடுத்தால் அதே நிறம் வருமென்று எதிர்பார்க்காதீர்கள். எந்த விதையானாலும் மண்ணால் லேசாக மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பூவெல்லாம் பச்சையாகி, இலை சிறுத்துக் கொத்துக்கொத்தாக வந்தால் அதைப் புது ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். தத்துப்பூச்சி பரப்புகிற நோய் அது. பிடுங்கி எறிவதுதான் வழி.

பூத்திருக்கிறதே, எப்படி வெட்டுவது என்ற தயக்கமும் ஒரு தவறுதான். விட்டுவிட்டால் அடியில் மொட்டைக் கட்டையும் நுனியில் நாலு பூவுமாக நிற்கும். மழை ஓய்ந்து, தை மாதத்தில் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கீழே கொஞ்சம் இலை மிச்சமிருக்கட்டும்.

வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடாதீர்கள். செடி முழுக்க நஞ்சு. சர்க்கரைக்கு நல்லது என்று இலையை மெல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவை. மருத்துவமனையில் அளந்து, கண்காணித்து ஏற்றுகிற சரக்கு அது. சின்னக் குழந்தை உள்ள வீடென்றால், கை எட்டாத சுவர் ஓரமாகப் பார்த்து வையுங்கள்.