சுண்டெலி மீது லேசர்: நோய் எதிர்ப்புச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் பாய்ச்சிய சுண்டெலிகளின் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணு குறைந்திருக்கிறது, அதனால் லேசர் நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் எலியைப் பிடித்துக் குழாய்க்குள் அடைத்து முதுகை மழித்தாலே அந்த எண்ணிக்கை இறங்கலாம். மிரண்ட எலிக்குக் கார்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். அது ஏறினால் ரத்தத்தில் லிம்போசைட் இறங்கும். நாள்கணக்கில் நீடித்தால், லிம்போசைட்டுகள் முதிரும் தைமஸ் சுரப்பியே சுருங்கிப் போகும். ஆகவே கூண்டில் நிம்மதியாக இருந்த எலிகளோடு ஒப்பிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே பிடி, அதே மழிப்பு, அதே மயக்க மருந்து வேண்டும். கருவியின் முனை அவற்றின் தோலையும் தொடட்டும், ஒளி மட்டும் வரக்கூடாது. அணுக்களை எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமலிருப்பது இன்னும் நல்லது.

அடுத்தது அளவு. ‘10 வினாடி பாய்ச்சினோம்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 100 மில்லிவாட் லேசர் 10 வினாடியில் தருவது 1 ஜூல். ஒளி விழும் இடம் 1 சதுர செ.மீ. என்றால் சதுர செ.மீட்டருக்கு 1 ஜூல், அதுவே 0.1 சதுர செ.மீ. என்றால் 10 ஜூல். குறைந்த அளவில் தூண்டிவிடும் ஒளி, கூடிய அளவில் அடக்கிவிடுவதும் உண்டு. அதனால் அலைநீளம், திறன், பரப்பு, நேரம், எத்தனை நாள் இடைவெளி என எல்லாவற்றையும் எழுத வேண்டும். கருவியில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல், முனையில் வரும் திறனை அளந்து பார்ப்பது நல்லது. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற ஹங்கேரிய மருத்துவர், ரூபி லேசரின் சிவப்பு ஒளியால் புற்றுநோய் வருமா என்று மழித்த எலிகளில் பார்க்கப்போய், முடி வேகமாக வளர்ந்ததைக் கண்டார். குறைந்த திறன் லேசரை உடலில் பாய்ச்சிப் பார்க்கும் இந்தத் துறை தொடங்கியதே அப்படித்தான்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. தோல் சூடானால் அந்தச் சூடே நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பும். கறுப்புத் தோல் வெள்ளைத் தோலைவிட அதிக ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சி57 என்ற கறுப்பு ஆய்வக எலியை மழித்தால் தோலில் திட்டுத்திட்டாகக் கறுப்பு தெரியும். முடி வளரும் கட்டத்தில் இருக்கும் பகுதிகள் அவை. ஒரே எலியின் முதுகில்கூட ஒளி ஒரே அளவில் உள்ளே போகாது. பாய்ச்சும்போதே தோலின் வெப்பநிலையைக் குறித்து வைப்பது அதிக வேலையில்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றதற்கு மாலையிலும் ரத்தம் எடுக்காதீர்கள். எலி இரவுப் பிராணி, வெள்ளணு எண்ணிக்கை பொழுதோடு ஏறி இறங்கும். அப்புறம் கணக்கு: ஐந்து எலிகளிலிருந்து ஐம்பது சிலைடு போட்டாலும் மாதிரி ஐந்துதான்.

கடைசியாக, எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவது. சுண்டெலியின் மண்ணீரல் தோலுக்குச் சில மில்லிமீட்டர் அடியில் இருக்கிறது, சிவப்பு ஒளி வெளியிலிருந்தே அதை எட்டிவிடும். மனிதருக்கோ அது விலா எலும்புகளுக்குப் பின்னால், நல்ல ஆழத்தில். எலிக்குச் சொன்ன ஜூல் கணக்கு அங்கே செல்லாது.