குடிவரவுச் சட்டத்தரணியை அமர்த்துவதற்கு முன்

கனடாவின் ரொறன்ரோப் பெரும்பாகத்திலுள்ள ஸ்காபரோ, மார்க்கம் ஆகிய இடங்களில் குடிவரவு விடயங்களைக் கவனிப்பதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் சட்டத்தரணிகள் அல்லர். ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் அவருடைய பெயரைத் தேடி, தொழில் செய்யும் அனுமதி நடப்பில் உள்ளதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிடுங்கள். குடிவரவு ஆலோசகர்களுக்கு, அவர்களை ஒழுங்குபடுத்துவதற்கென 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கிய ‘கல்லூரி’ (College) என்ற தனி அமைப்பும் அதன் பொதுப் பதிவேடும் உள்ளன. ஆனால் ஆலோசகர் எவரும் உங்களுக்காகச் சமஷ்டி நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

நிராகரிப்புக் கடிதம் வந்த வீட்டில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட தீர்மானத்தை அந்த நீதிமன்றம் மீளாய்வு செய்யக் கோரி விண்ணப்பிக்க, தீர்மானம் தெரியவந்ததிலிருந்து 15 நாட்களே உண்டு. வெளிநாட்டில் எடுக்கப்பட்டதென்றால் 60 நாட்கள். எனவே உறவினர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுக் காலத்தைக் கடத்தாமல், கடிதம் கிடைத்த திகதியை அதன் மேலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்தி, அன்றே சட்டத்தரணியை அழையுங்கள்.

கட்டணத்தையும், அதில் எவை அடங்கும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். ஆங்கிலத்தில் நிரப்பப்பட்டதைத் தமிழில் வரிக்குவரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஏனெனில் பிழையான ஒரு திகதிக்குக்கூடப் பின்னர் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பணம் வாங்கிக்கொண்டு, பிரதிநிதியை அறிவிக்கும் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரை எழுதத் தயங்குபவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். அகதிக் கோரிக்கையாளர்கள், வசதி குறைந்தவர்களாயின், முதலில் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பை அணுகலாம்.